பழைய வீடு வாங்க முதல் நாலு கேள்வி



பனி கரைந்து புல்லுத் தலைகாட்டினால் ரொறன்ரோவில் வீடு பார்க்கும் காலம் தொடங்கிவிடும். எங்கட ஆக்கள் வீடு பார்க்கிற முறைக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கு. வாசல் எந்தத் திசை, வீட்டு இலக்கத்தின் கூட்டுத்தொகை என்ன, குசினி பெரிசா, பேஸ்மென்றுக்குத் தனி வாசல் இருக்கா, பள்ளிக்கூடம் எப்படி, பஸ் எவ்வளவு தூரம். கால் மணித்தியாலத்துக்குள் இவ்வளவையும் பார்த்து முடித்துவிடுவோம். ஆனால் காப்புறுதிக்காரர் கேட்கப்போகிற நாலு கேள்விக்கு இதில் ஒன்றிலும் பதில் இல்லை.

அந்த நாலு கேள்வியும் இவைதான்: வயரிங் எப்படிப்பட்டது? தண்ணிக் குழாய் எதனால் ஆனது? வீட்டைச் சூடாக்குவது எது? கூரைக்கு எத்தனை வயது?

இவற்றை ஓஃபர் போட்ட பிறகு அல்ல, போட முதலே கேளுங்கள் என்பதுதான் இந்தமுறை நான் சொல்ல வருவது.

ஏன் அவ்வளவு அவசரம்? ஒன்ராறியோவில் கார் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். வீட்டுக் காப்புறுதி அப்படியில்லை. ஆனால் மோர்ட்கேஜ் தருகிற வங்கி, காப்புறுதி இல்லாத வீட்டுக்குக் காசை விடாது. குளோசிங் நாளுக்கு முன் காப்புறுதி எடுத்ததற்கான கடிதம் உங்கள் லோயரின் கையில் இருக்க வேணும். கடிதம் இல்லையென்றால் காசு வராது. காசு வராவிட்டால் வீடு கைமாறாது. அப்படி நடந்தால் டெப்பொசிற் பறிபோகலாம். விற்க இருந்தவர் பிறகு குறைந்த விலைக்கு வேறொருவருக்கு விற்றால், அந்த வித்தியாசத்தைக் கேட்டு உங்கள் மேல் வழக்கும் போடலாம்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. எந்தக் கொம்பனியும் எடுக்க மறுக்கிற சாரதிக்கு ஃபசிலிற்றி அசோசியேஷன் என்று ஒரு கடைசிக் கதவு உண்டு. விலை கூட என்றாலும் காருக்குக் காப்புறுதி கிடைக்கும். வீட்டுக்கு இங்கே அப்படி ஒரு கதவு இல்லை. கொம்பனிகள் ஒவ்வொன்றாக 'ஏலாது' என்றால் அதோடு சரி.

அமெரிக்காவின் புளோரிடாவில் இதற்கென்றே 'ஃபோர் பொயின்ற்' என்று ஒரு பரிசோதனை இருக்கு. கூரை, மின்சாரம், குழாய், சூடாக்கும் குளிராக்கும் சாதனங்கள் என்ற நாலையும் பரிசோதகர் பார்த்து, படம் எடுத்து, படிவம் நிரப்பித் தருவார். பழைய வீட்டுக்கு அந்தப் படிவத்தைக் கேட்காத கொம்பனி அங்கே அரிது. ரொறன்ரோவில் அப்படி ஒரு பொதுப் படிவம் இல்லை. புரோக்கர் ரெலிபோனில் கேட்பார், நீங்கள் பதில் சொல்வீர்கள். கேள்விகள் என்னவோ அதே நாலுதான்.

முதலில் மின்சாரம். வீடு கட்டின ஆண்டைத் தெரிந்தால் பாதி விடை தெரிந்துவிடும். 1950க்கு முன் கட்டின வீடு என்றால் 'நொப் அண்ட் டியூப்' வயரிங் இருக்கக்கூடும். டான்ஃபோர்த், ஈஸ்ட் யோர்க், ஸ்காபரோவின் தென்மேற்கில் பேர்ச் கிளிஃப் பக்கம் எல்லாம் இப்படியான வீடுகள் இருக்கு. இரண்டு வயர் தனித்தனியாக, பீங்கான் குமிழ்களைப் பிடித்தபடி ஓடும். நிலத்தொடுப்பு வயர் கிடையாது. சுற்றியுள்ள காற்றில் சூடு ஆறுவதை நம்பிச் செய்த முறை அது. பின்னாளில் அதன்மேல் இன்சுலேஷனைக் கொட்டி மூடினால் சூடு போக வழியில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்ராறியோவின் மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையை எல்லாரும் ஈ.எஸ்.ஏ. என்பார்கள். பழுதில்லாமல், அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றாமல் இருக்கிற நொப் அண்ட் டியூப் வயரிங்கைக் கட்டாயம் கழற்ற வேணும் என்று அவர்கள் சொல்வதில்லை. சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் பல காப்புறுதிக் கொம்பனிகள் அந்தச் சொல்லைக் கேட்டதுமே கோப்பை மூடிவிடும். நான் வேலை செய்கிற சொஃப்ட்வெயர் துறையிலும் இதே கதைதான். இருபது வருடப் பழைய புரோகிராம் ஒன்று பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நாளைக்கு அது விழுந்தால் பொறுப்பு யார் என்று கேட்டால் ஒருவரும் கை உயர்த்தமாட்டார்கள். காப்புறுதிக்காரர் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் என் அக்காவும் அத்தானும் ஈஸ்ட் யோர்க்கில் 1930களில் கட்டின ஒரு வீட்டை விரும்பினார்கள். முன்னுக்கு ஒரு மேப்பிள் மரம், பின்னுக்குக் கறிவேப்பிலைச் சட்டி வைக்க வெயில் விழுகிற இடம். பேஸ்மென்றில் மின்சாரப் பேனல் புதுசு, 100 அம்ப். அதைக் கண்டதும் அத்தானின் முகம் மலர்ந்துவிட்டது. புரோக்கரோடு கதைத்தபோது அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கு: "அண்ணை, பேனல் புதுசு எண்டால் வயரும் புதுசு எண்டு அர்த்தமில்லை. அட்டிக்கைப் பாத்தனீங்களோ?"

ஏஜென்ற் அவசரப்படுத்தினார். "கொண்டிஷன் போட்டால் வீடு கை நழுவிப் போயிடும்" என்றார். அக்கா விடவில்லை. காப்புறுதி கிடைத்தால்தான் வாங்குவோம் என்ற கொண்டிஷனை ஐந்து வேலை நாளுக்குப் போட வைத்தா. பரிசோதகர் அட்டிக்கில் ஏறி இன்சுலேஷனை விலக்கினால், பீங்கான் குமிழ்கள் வரிசையாக இருக்கு. புரோக்கர் கேட்ட கொம்பனிகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மறுத்துவிட்டன. அந்த ஒன்றும் அறுபது நாளுக்குள் வயரிங் முழுவதையும் மாற்றிச் சான்றிதழ் தரவேணும் என்றது. மாற்றுகிற செலவை அத்தான் கணக்குப் பார்த்தார். சுவரை உடைத்துப் பூசுகிற கூலியையும் சேர்த்தால் அவர்களின் கையிருப்பு அதோடு முடிந்தது. விற்பவர் ஒரு டொலரும் குறைக்கச் சம்மதிக்கவில்லை. கொண்டிஷன் இருந்தபடியால் டெப்பொசிற் முழுவதும் திரும்பி வந்தது. அக்கா அன்று இரவு அழுதா. அந்த மேப்பிள் மரத்தைப் பற்றி இப்பவும் கதைப்பா. ஆனால் காசும் கடனெடுக்கிற தகுதியும் அவர்களிடமே மிஞ்சின. ஐந்து மாதம் கழித்து வெக்ஸ்ஃபோர்ட்டில் 1950களின் பங்களோ ஒன்றை வாங்கினார்கள்.

1960களின் நடுவிலிருந்து 1970களின் கடைசி வரை கட்டின வீடு என்றால் கேள்வி அலுமினிய வயரிங் பற்றியது. 1970களில் எழுந்த மல்வேர்ன் போன்ற இடங்களில் வீடு பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேணும். அலுமினியம் சூட்டில் கூடுதலாக விரிந்து சுருங்கும். அதனால் பிளக், சுவிட்ச் பொருத்துகிற மூட்டுகள் காலப்போக்கில் தளர்ந்து சூடாகும். இதற்கு வீடு முழுவதும் வயர் மாற்றத் தேவையில்லாமல் போகலாம். ஒவ்வொரு மூட்டிலும் இதற்கென அங்கீகரித்த இணைப்பியால் சிறு செப்பு வயரைத் தொடுத்துச் சீர்செய்வார்கள். அந்த வேலைக்கு ஈ.எஸ்.ஏ. சான்றிதழ் இருந்தால் பல கொம்பனிகள் ஏற்றுக்கொள்ளும். பியூஸ் போட்ட 60 அம்ப் பேனல் இருந்தால் 100 ஆக உயர்த்தச் சொல்வது வழக்கம்.

இரண்டாவது, தண்ணிக் குழாய். பழைய கல்வனைஸ்ட் இரும்புக் குழாய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து அடைபடும். வெளியில் பார்த்தால் நல்லாத்தான் இருக்கும். மேல்மாடிக் குளியலறையில் இரண்டு பைப்பை ஒரேநேரம் திறந்து பாருங்கள். தண்ணி நூலாக வந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்தது சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் குழாய், 'பொலி-பி' என்பார்கள். 1980களின் வீடுகளில் பரவலாகப் பாவித்தது. பழைய வீட்டுக்கு மட்டும்தான் இந்தக் கதை என்று நினைக்கவேண்டாம். 1995 முதல் 2007 வரை விற்ற 'கைடெக்' குழாய், செம்மஞ்சளும் நீலமுமாக, ரொறன்ரோவின் கொண்டோக்களிலும் இருக்கு. அதன் பொருத்திகள் பழுதாகி வழக்கு நடந்து நட்டஈடும் ஒதுக்கினார்கள். அதற்கு விண்ணப்பிக்கிற காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

குழாயோடு சேர்ந்தது சாக்கடைத் தண்ணி. 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2024 ஜூலை 16 அன்று ஏறத்தாழ 98. இரண்டு நாளும் எத்தனையோ பேஸ்மென்றுகளில் தரைக் குழியால் சாக்கடை மேலே வந்தது. சாதாரணக் காப்புறுதியில் இது தானாக அடங்காது. மேலதிகமாகக் கேட்டு வாங்க வேணும். தண்ணி திரும்பி வராமல் தடுக்கிற பக்வோட்டர் வால்வும் சம்ப் பம்பும் இருக்கா என்று கேட்பார்கள். இவற்றைப் பூட்ட ரொறன்ரோ நகரசபை மானியம் தருகிறது. 311க்கு எடுத்தால் விபரம் சொல்வார்கள்.

மூன்றாவது, சூடாக்குவது. காஸ் ஃபேர்னஸ் என்றால் வயதை மட்டும் கேட்பார்கள். எண்ணெயில் ஓடுகிறது என்றால் தாங்கி எங்கே இருக்கு, எத்தனை வயது என்று துருவுவார்கள். எண்ணெய் மண்ணுக்குள் கசிந்தால் துப்புரவாக்குகிற செலவு வீட்டுக்காரரைச் சாய்த்துவிடும். முந்தி எண்ணெயில் ஓடி இப்போது காஸுக்கு மாறின வீட்டில் பழைய தாங்கி நிலத்துக்குள் இன்னும் கிடக்குதா என்பதையும் கேளுங்கள். விறகு அடுப்பு இருந்தால் 'வெற்' சான்றிதழ் பெற்ற பரிசோதகரின் அறிக்கை தேவைப்படும்.

நாலாவது, கூரை. இங்குள்ள அஸ்ஃபோல்ட் சிங்கிள்ஸ் ஊர் ஓடு போலத் தலைமுறைக்கு நிற்காது. இருபது வருடம் தாண்டினாலே கொம்பனிகள் யோசிக்கும். கடைசியாக எப்போது மாற்றினார்கள், பில் இருக்கா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

நாலையும் யார் பார்ப்பது? வீட்டுப் பரிசோதகர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்ப்பார், சுவரை உடைத்துப் பார்க்கமாட்டார். வயரிங்கில் சந்தேகம் என்றால் லைசென்ஸ் உள்ள மின்சார ஒப்பந்தக்காரர் தேவை. ஒன்ராறியோவில் வீட்டு மின்சார வேலைக்குக் காசு கொடுத்து அமர்த்துவதென்றால் அவர்களைத்தான் அமர்த்தலாம். லைசென்ஸ் இலக்கம் அவர்களின் வாகனத்திலும் எஸ்டிமேற்றிலும் இருக்க வேணும்.

இந்த இடத்தில்தான் எங்கட பேஸ்மென்றுகளைப் பற்றி மனம்விட்டுக் கதைக்க வேணும். தெரிந்த பொடியன் ஒருவனைக் கொண்டு சனி ஞாயிறில் குசினி, குளியலறை எல்லாம் போட்டு, வாடகைக்கு விட்ட பேஸ்மென்றுகள் எத்தனை? பெர்மிற் இல்லை, சான்றிதழ் இல்லை, காப்புறுதிக்கும் சொல்லவில்லை. "சொன்னால் கூட்டிப்போடுவாங்கள்" என்பது வழமையான பதில். ஒன்ராறியோவின் தீக் காப்புறுதிச் சட்ட நிபந்தனைகளில் முதலாவதே பொய்த் தகவல் பற்றியது. வாடகைக்கு விடுவது போன்ற முக்கிய மாற்றங்களை அறிவிக்க வேணும் என்பதும் அதில் இருக்கு. மறைத்தது பின்னர் தெரிந்தால், வீடு எரிந்து நிற்கிற நாளில் கொம்பனி காசு தர மறுக்கலாம். மாதம் சில டொலர் மிச்சம் பிடிக்கப் போய் முப்பது வருட உழைப்பைப் பணயம் வைக்கிற கணக்கு இது. கீழே படுத்திருக்கிற குடும்பத்தின் உயிர் அதைவிடப் பெரிசு.

ஏற்கனவே பழைய வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். அம்மா அப்பா 1990களில் வாங்கின ஸ்காபரோ வீட்டின் காப்புறுதியைப் புதுப்பிக்கிற நேரம் திடீரென்று கூரையின் வயதைக் கேட்டுக் கடிதம் வரலாம். ஒரு ஃபைல் தொடங்குங்கள். ஈ.எஸ்.ஏ. சான்றிதழ், பெர்மிற், கூரைக்கும் ஃபேர்னஸுக்கும் கொடுத்த பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். விலை குறைவு என்று வேறு கொம்பனிக்கு மாறுவதென்றால், புதியவர்கள் எழுத்தில் சம்மதம் தரும்வரை பழையதை நிற்பாட்டாதீர்கள்.

வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது சுருக்கமாக:

1. வீடு பிடித்த அன்றே முகவரியையும் கட்டின ஆண்டையும் புரோக்கருக்கு அனுப்புங்கள்.

2. நாலு கேள்விக்கும் விற்பவரின் ஏஜென்றிடம் எழுத்தில் பதில் கேளுங்கள்.

3. ஓஃபரில் காப்புறுதிக் கொண்டிஷன் போடுங்கள். போட்டி கூட, போடமுடியாது என்றால், ஓஃபருக்கு முதலே பரிசோதகரை அழைத்துக்கொண்டு போங்கள்.

4. பதில் எதுவாக இருந்தாலும் காப்புறுதிக்காரருக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

பழைய வீடு கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தடித்த செங்கல்லும் நிழல்மரமும் உள்ள அந்த வீடுகளில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். வயரிங் மாற்றலாம், குழாய் மாற்றலாம், கூரையும் போடலாம். அந்தச் செலவு வீட்டின் விலைக்குள் அடங்குகிறதா என்பதைக் கையெழுத்துப் போட முதல் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தமுறை வீடு பார்க்கப் போகும்போது வாசலின் திசையையும் பாருங்கள், பாவமில்லை. பார்த்துவிட்டு அப்படியே ஒரு டோர்ச்சோடு அட்டிக்குக்கும் ஏறுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.