மார்கழியில் ஓடிய ராம், சித்திரையில் ஓடுமா?

ராமை முறுக்கினால் கம்ப்யூட்டர் பறக்கும் என்று நானும் நம்பியவன்தான். காரைக்காலில் ஒரு மார்கழி இரவு. பயாஸுக்குள் போய் டிடிஆர்4 ராமின் டைமிங்கைக் குறைத்தேன். 1.35 ஆக இருந்த வோல்டேஜை 1.45 ஆக்கினேன். விண்டோஸ் ஜோராகத் திறந்தது. ஒரே பெருமை!

சித்திரை வெயில் வந்தது. தங்கையின் கல்யாணப் போட்டோக்களை கம்ப்யூட்டருக்கு காப்பி செய்துவிட்டு, கேமரா கார்டை அழித்தேன். பிறகு பார்த்தால் பல படங்களில் பட்டை பட்டையாகக் கோடுகள். ராம் தடுமாறினால் எப்போதும் நீலத்திரை வராது. ஃபைல் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். சூடு ஏற ஏறத் தடுமாற்றமும் கூடும்.

இவ்வளவும் எதற்காக? 3200 வேக ராமில் சிஎல் 16 என்றால் 10 நானோ செகண்ட். 3600 வேகத்தில் சிஎல் 18 என்றாலும் அதே 10 தான். சிஎல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

டிடிஆர்4-க்கு நிர்ணயித்த வோல்டேஜ் 1.2. அதைவிட வேகமான பல ராம்களுக்கு 1.35 வோல்ட் தேவை. அந்த செட்டிங்கைத் தயாரிப்பாளரே எக்ஸ்எம்பி என்ற பெயரில் ராமிலேயே பதிந்து தருகிறார். புதியவர்கள் அதை மட்டும் ஆன் செய்தால் போதும். பிறகு மெம்டெஸ்ட்86-ஐ ஓட்டிப் பாருங்கள், அதுவும் உச்சி வெயிலில்! ஒரே ஒரு எரர் வந்தாலும் பழைய செட்டிங்குக்குத் திரும்பிவிடுங்கள்.

இன்னும் வேகம் வேண்டுமா? ஒற்றை ராம் இருந்தால் அதே வகையில் இன்னொன்று வாங்கி டூயல் சேனலாகப் போடுங்கள். காசு கொஞ்சம் போகும், கல்யாணப் போட்டோ போகாது.