கயிற்றை அவிழ்த்த பிறகும் வருமா குதிரை?

மாசிடோனியா அரசர் பிலிப்பிடம் ஒரு குதிரையை விலைக்குக் கொண்டு வந்தார்கள். விலை 13 தாலந்து. ஏறப் போனவர்களை எல்லாம் அது உதறித் தள்ளியது. இந்தக் குதிரை ஆகாது என்று அரசர் திருப்பி அனுப்பச் சொன்னார்.

அவருடைய மகன் அலெக்சாந்தர் அப்போது சிறுவன். அவன் மட்டும் ஒன்றைக் கவனித்தான். குதிரை தன் நிழலைப் பார்த்தே மிரண்டது! அதன் முகத்தைச் சூரியனுக்கு நேரே திருப்பினான். தடவிக் கொடுத்தான். சற்றுத் தூரம் கூடவே ஓடினான். பிறகு ஒரே தாவாகத் தாவி ஏறினான்.

இது புளூட்டார்க் எழுதி வைத்த வரலாறு. அந்தக் குதிரைதான் புசிபாலஸ். அலெக்சாந்தரோடு இந்தியா வரை வந்தது. கி. மு. 326-ல் போரசுடன் நடந்த ஜீலம் நதிப் போரை ஒட்டி இறந்தது. அந்த நதிக் கரையில் அதன் பெயரால் ஒரு நகரமே எழுந்தது.

குதிரை எதற்குப் பயப்படுகிறது என்று பார்க்கவேண்டும். இது அன்றே தெரிந்த விஷயம். ஆனால் பின்னால் வந்தவர்களில் பலர் சவுக்கைத்தான் நம்பினார்கள். காலைக் கட்டினார்கள். தலையைக் கம்பத்தோடு இழுத்துக் கட்டினார்கள். குதிரையைப் பழக்குவதற்கு ஆங்கிலத்தில் "உடைப்பது" என்றே பெயர்!

ராணியின் முன்னிலையில்

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்தவர் மாண்டி ராபர்ட்ஸ். 1935-ல் பிறந்தவர். சவுக்கு வேண்டாம், கட்டு வேண்டாம் என்றவர். 1989-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத் அவரை விண்ட்சர் அரண்மனைக்கு அழைத்தார். பழகாத குதிரைகளை அவர் பழக்கிக் காட்டினார்.

அவர் முறை இதுதான்: சுமார் 50 அடி அகலமுள்ள வட்ட வேலி. உள்ளே குதிரை. அதன் மேல் கயிறு இல்லை. பயிற்சியாளர் நடுவில் நிமிர்ந்து நின்று, குதிரையின் கண்ணையே உற்றுப் பார்த்து, அதை ஓடச் செய்வார். குதிரை சுற்றிச் சுற்றி ஓடும். கொஞ்ச நேரத்தில் அதன் ஒரு காது அவர் பக்கம் திரும்பும். பிறகு நாக்கால் நக்கும், வாயை மெல்லும். தலை தரையை நோக்கித் தாழும். உடனே அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, தோளைத் தளர்த்தி, முதுகைக் காட்டி நிற்பார். குதிரை தானாக வந்து அவர் பின்னால் நடக்கும்.

பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியது. கலங்காமல் என்ன செய்யும்!

பொம்மைக் கார் செய்த வேலை

ஆனால் 2012-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக் கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். வட்ட வேலிக்குள் மனிதனே இல்லை. தூரத்திலிருந்து இயக்கும் ஒரு சின்னக் கார்தான் குதிரையை விரட்டியது. குதிரை காரின் பக்கம் திரும்பினால் கார் நின்றுவிடும். அவ்வளவுதான். குதிரைகள் இதைக் கற்றுக்கொண்டன. காரை நோக்கித் திரும்பின. அதை நெருங்கி நடந்தன.

காரின் மேல் குதிரைக்கு அன்பு பிறந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? விரட்டு நிற்கவேண்டும், அதற்காக வந்தது.

ராபர்ட்ஸ் அடியை ஒழித்தார். அது பெரிய காரியம். அதை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் ஓடப் போக்கிடம் இல்லாத வேலிக்குள், ஓடி ஓடிக் களைத்து வந்து நிற்பதற்கு "நம்பிக்கை" என்று பெயர் சூட்டுவது கொஞ்சம் அதிகம். கயிறு கழுத்தில் இல்லை, உண்மைதான். ஆனால் வேலி இருக்கிறதே!

கணக்குப் போட்ட குதிரை

குதிரைக்கு மனிதனைப் புரியாது என்பதல்ல இதன் பொருள். பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் காலால் தட்டி விடை சொல்லும். 1904-ல் அறிஞர்கள் கூடி ஆராய்ந்தார்கள். மோசடி எதுவும் இல்லை என்றார்கள். 1907-ல் ஆஸ்கர் பூங்ஸ்ட் என்பவர் உண்மையைக் கண்டுபிடித்தார். சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை மிக மிகச் சிறிதாக அசைந்தது. ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. தம் தலை அசைந்தது கேட்டவருக்கே தெரியாது! அவருக்கே விடை தெரியாத கேள்வி என்றால் ஹான்சும் தோற்றது.

கணக்குத் தெரியாத குதிரைதான். ஆனால் எவ்வளவு கூர்மையான கண்! இப்படிப்பட்ட பிராணியிடம் கோபத்தை மனதில் அடக்கிக்கொண்டு சிரித்த முகம் காட்டி என்ன பயன்? வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவர் அன்றைக்குப் பயிற்சி தராமல் இருப்பதே நல்லது.

கதவு திறந்திருக்கட்டும்

ஆகவே, நம்பிக்கை உண்டா என்று பார்க்க விரும்புகிறவர்கள் வேலியின் கதவைத் திறந்துவிடவேண்டும். குதிரை திறந்த வெளிக்குப் போகட்டும். புல் மேயட்டும். விரட்டக்கூடாது. நேருக்கு நேர் போகாமல், பக்கவாட்டில் மெல்லப் போகவேண்டும். நெற்றிக்கு நேர் எதிரே மிக அருகில் இருப்பது குதிரைக்குத் தெரியாது. வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. அது தலையைத் தூக்கினால் நின்றுவிடவேண்டும். விலகிப் போனால் போகவிடவேண்டும். "வேண்டாம்" என்று அது சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று அதற்குத் தெரியவேண்டும்.

இப்படி விட்ட குதிரை தானாக ஆளைத் தேடி வர ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அத்தனை நாள் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்க யார் வருவார்கள்? அதனால்தான் வேடிக்கை காட்டுகிறவர்கள் வட்ட வேலியை விடுவதில்லை.