அவங்க பொழைப்புக்காக ஆறு சட்டை

சிவகாசிப் பக்கம் தீபாவளி நெருங்கினால் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும்: "நாம வாங்கினாத்தான் அவங்க அடுப்பு எரியும்." முன்பு வெடிக்குச் சொன்னார்கள். இப்போது துணிக்கும் சொல்கிறார்கள். தள்ளுபடியில் ஆறு சட்டை எடுத்தவர், அதில் இரண்டு இலவசமாக வந்ததை மறந்துவிட்டு, ஏதோ தையல்காரக் குடும்பத்துக்குப் படியளந்ததுபோல் பேசுகிறார்.

இது பொய். வாங்குகிறவனையே வள்ளலாக்கிவிடுவதால் நன்றாக விலைபோகிற பொய்.

தீபாவளிக்கு ஒரே ஒரு உடுப்பு எடுத்த காலத்தில், விருதுநகர் பஜாரில் துணி கிழித்து வாங்கித் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுப்போம். பண்டிகைக்குப் பல நாள் முன்பே 'இனி ஆர்டர் எடுப்பதில்லை' என்று அட்டை தொங்கும். வளர்கிற பிள்ளை என்று உள்ளே மடிப்பு விட்டுத் தைப்பார். மறுவருஷம் பிரித்துவிடுவோம், பிறகு அது தம்பிக்குப் போகும். இன்று பல மடங்கு எடுக்கிறோம். அவரோ பேன்ட் நீளத்தைக் குறைத்துக்கொண்டும் ஜிப் மாற்றிக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறார். வாங்க வாங்கப் பிழைப்பு பெருகும் என்றால் அவர் பங்கு எங்கே?

"மில்லுக்கும் திருப்பூருக்கும் போயிருக்கு, அங்கேயும் ஏழைகள்தானே?" போயிருக்கிறது. எப்படி? நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' நினைவிருக்கிறதா? பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்து மூன்று வருஷம் வேலை வாங்கி, கல்யாணச் செலவுக்கென்று கடைசியில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ தருவார்கள். உடம்பு முடியாமல் நடுவில் ஊர் திரும்பினால் பலருக்கு அதுவும் இல்லை. அது பரிசு அல்ல, பிடித்துவைத்த கூலி.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அங்கே ஆர்டருக்குப் பஞ்சமே இல்லை. முதல்நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் மறுநாள் தையல் மிஷினுக்கு முன்னால் உட்காரவைத்தது அந்த ஆர்டரின் அவசரம்தான். நமக்கு இது புதிதா? 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கத்து முதலிப்பட்டியில் பயராபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலை வெடித்ததும் தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரத்தில்தான்.

கூலிக்காரர் நிலையை எது மாற்றும் என்பதற்குத் திண்டுக்கல் பக்கமே சாட்சி இருக்கிறது. ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றின் தலித் பெண் தொழிலாளி 2021-இல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை முதலாளியையும் எச் அண்ட் எம் நிறுவனத்தையும் பாலியல் தொல்லைக்கு எதிரான ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. தொல்லையைப் புகார் செய்ய அங்கே ஒரு வழி பிறந்தது. யாரும் கூடுதலாக ஒரு சட்டை வாங்கியதால் அல்ல.

இப்போது நம் விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வருகிறது. எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கிற ஊர், என்ன கூலி, சங்கம் வைக்க விடுவார்களா என்றும் சேர்த்துக் கேட்கட்டும்.

தீபாவளிக்கு எத்தனை சட்டை வேண்டுமானாலும் எடுங்கள். அவர்களுக்காக எடுத்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.