முதுகில் அடிக்கும் காற்று

பயிற்சி அட்டவணையில் அந்த ஜூலை ஞாயிறுக்கு எதிரே 32 என்று போட்டிருந்தது. 32 கிலோமீட்டர். அதே ஞாயிறுக்கு வானிலை இலாகாவும் சில எண்களைக் கொடுத்திருந்தது. அந்தமான் கடலில் மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். சாலையில் ஓடுகிறவர்களுக்கு எச்சரிக்கை ஏதும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மாரத்தான் ஓடக் கிளம்பும் ஆசாமிகளை எந்த இலாகாவும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கிளம்பிவிட்டேன். ஹைதராபாத் மாரத்தான் ஆகஸ்ட் இறுதியில் வருகிறது. பந்தய நாளின் 42.195 கி.மீ. தூரத்துக்கு உடம்பைப் பழக்குவது இந்த ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டங்கள்தான். ஒன்றை விட்டால் அடுத்த வாரம் முழுவதும் குற்ற உணர்ச்சி. பரிசு வாங்கப்போவதில்லை, யாரும் புகைப்படம் எடுக்கப்போவதில்லை. ஆனாலும் அட்டவணையில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் தூக்கம் வருவதில்லை. இது ஒரு வியாதி. ஓடுகிறவர்களுக்குத் தெரியும்.

போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், என் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது) ஓடுகிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாங்கள் அதற்கும் பத்து டிகிரி கிழக்கே இருக்கிறோம். அதனால் இங்கே சூரியன் கடிகாரத்தைச் சுமார் 41 நிமிடம் முந்திக்கொள்கிறது. தூத்துக்குடியோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஐந்து மணிக்கெல்லாம் சாலை தெளிவாகத் தெரியும், நாய்களும் தெரியும். சலுகைக்கு விலையும் உண்டு. எங்கள் ஏழு மணி வெயில் உங்கள் ஊர் எட்டு மணி வெயில்.

தீவில் 32 கி.மீ. ஓடச் சாலை கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. வடக்கே துறைமுகம், கிழக்கே கடல். மிஞ்சுவது தெற்கே சிடியாதாப்புக்குப் போகும் சாலை. அதன் மொத்த நீளம் சுமார் 25 கி.மீ. பாதி தூரம் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். வழியில் காலிகட் என்று ஓர் ஊர் வரும். 1921 மாப்பிளா கிளர்ச்சிக்குப் பிறகு நாடு கடத்தப்பட்டு வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கையோடு கொண்டுவந்து இங்கே நட்டுவிட்டார்கள். வண்டூரும் மஞ்சேரியும்கூட இந்தத் தீவில் உண்டு. காலையில் காலிகட் வரை ஓடிவிட்டு வந்தேன் என்று சென்னை நண்பரிடம் சொன்னால் போனை வைத்துவிடுவார்.

நான் பின்பற்றும் அட்டவணை ஓர் அமெரிக்கப் புத்தகத்திலிருந்து எடுத்தது. காற்று நாளுக்கு அதில் ஒரு யோசனை இருந்தது. முதல் பாதியை எதிர்காற்றில் ஓடி முடித்துவிடு, களைப்பு வந்த பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பு. கேட்கவே நியாயமாக இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற திசையும் சிடியாதாப்பு சாலை போகிற திசையும் சேர்ந்து இந்த யோசனைக்காகவே ஏற்பாடு செய்ததுபோல் இருந்தன. போகும்போது முகத்தில், திரும்பும்போது முதுகில்.

என்னோடு சைக்கிளில் வருகிறவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். ஹாண்டில்பாரில் எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணீர், பின்னால் ஒரு துண்டு. மரீனா பூங்காவைத் தாண்டுவதற்குள்ளேயே காற்று தன்னை அறிமுகம் செய்துகொண்டது.

"இது கச்சான் காத்து, தம்பி. எங்கப்பா சொல்லுவார், கச்சான் அடிச்சா கடலுக்குப் போகாதேன்னு. ரோட்டுக்குப் போகாதேன்னு சொல்லல" என்று சிரித்தார்.

தமிழில் 'கால்' என்ற சொல்லுக்குக் காற்று என்றும் ஒரு பொருள் உண்டு. எம்.ஏ. படித்தபோது அது பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற நிகண்டுச் சமாசாரம். அன்று காலை இரண்டு கால்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. காடு இருபுறமும் மறைக்கும் இடத்தில் காற்று ஓய்ந்ததுபோல் இருக்கும். திருப்பத்தில் கடல் பக்கம் திறந்ததும் யாரோ மார்பில் கைவைத்து நிறுத்துவதுபோல் இருக்கும். தொப்பி இரண்டு முறை பறந்தது. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்பது என் கணக்கு. கைக்கடிகாரம் ஏழேகால், ஏழரை என்று காட்டியது.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடுகிறவருக்கு எதிரே 20 கி.மீ. காற்று வந்தால் உடம்பில் மோதுவது 30 கி.மீ. காற்று. அமைதியான நாளில் இருந்ததைப்போல் ஒன்பது மடங்கு தடை. இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டி ஓடினால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும் என்று 1971-இல் அளந்து காட்டினார் கிரிஃபித் பியூ. 1953-இல் எவரெஸ்டை வென்ற குழுவோடு போன அதே உடலியல் நிபுணர்தான். 2019 அக்டோபரில் வியன்னாவில் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் 42 கி.மீ. ஓடியபோது அவரைச் சுற்றி முறைவைத்து ஓடிக் காற்றை உடைத்துக் கொடுத்தவர்கள் 41 பேர். அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. எனக்கு வாய்த்தது ஒருவர், அதுவும் சைக்கிளில். ஆனால் நல்ல அகலமான மனிதர். அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு 16 கி.மீ. முடித்தேன். எங்கள் விஷயத்தில் பட்டியல் பற்றிய கவலை இல்லை.

திரும்பியதும் முதலில் கவனித்தது அமைதி. காதில் இருந்த இரைச்சல் அறுந்ததுபோல் நின்றது. தொப்பி தலையில் நின்றது. கால்கள் லேசாயின. கடிகாரம் ஆறே கால் என்றது, ஆறு என்றது. புத்தகம் எழுதியவரை மனதுக்குள் வாழ்த்தினேன்.

அந்த வாழ்த்து நாலு கிலோமீட்டர் தாங்கியது. மேகம் விலகி வெயில் வந்தது. வியர்வை ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டியது, ஷூவுக்குள் சளசளத்தது. சாலையோர மரங்கள் ஆடிக்கொண்டிருந்தன, என் மேல் மட்டும் ஓர் இலை அசையும் அளவுக்குக்கூடக் காற்று இல்லை. தலைக்குள் விண்விண்ணென்றது. நண்பர் ஏதோ கேட்டபோது எரிச்சலாக வந்தது. 26-ஆவது கிலோமீட்டரில் அவர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்.

"தம்பி, கையைப் பாருங்க. இந்த வெயில்ல எதுக்கு இப்படிப் புல்லரிக்குது?"

"ஆறுதாண்ணே பாக்கி."

"ஆறு எங்கயும் போகாது. உக்காருங்க."

நிழலில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டு, தொப்பியால் விசிறினார். எனக்குக் கோபம்தான் வந்தது. அதுவும் அறிகுறிகளில் ஒன்று என்று பிறகு படித்தேன். கொளுத்தும் வெயிலில் குளிரெடுப்பது, தலைவலி, தள்ளாட்டம், காரணமில்லாத சிடுசிடுப்பு எல்லாம் உடம்பு சூட்டை இறக்க முடியாமல் திணறுவதன் அடையாளம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பேச்சும் நிதானமும் குழம்பினால் அது உயிருக்கே ஆபத்தான கட்டம். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிர்ந்த நீரில் முக்கியோ ஊற்றியோ உடனே சூட்டைத் தணிக்க வேண்டும். நான் அந்த எல்லைவரை போகவில்லை. அதற்கு என் புத்திசாலித்தனம் காரணமில்லை.

மிச்சத் தூரத்தைப் பஸ்ஸில் கடந்தேன்.

கணக்கு பிறகுதான் புரிந்தது. ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் நாலில் மூன்று பங்கு வெறும் வெப்பமாகிறது. அதை வெளியேற்றுவது வியர்வை. வியர்வை ஆவியாக வேண்டுமானால் தோலின் மேல் காற்று நகர வேண்டும். மணிக்கு 10 கி.மீ. ஓடுகிறவரின் முதுகில் மணிக்கு 10 கி.மீ. காற்று அடித்தால் அவரைப் பொறுத்தவரை காற்றே இல்லை. மூடிய அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓடுவதற்குச் சமம். ஈரப்பதம் நிறைந்த இந்தத் தீவில், வெயில் ஏறிய பிறகு, களைத்த உடம்போடு அந்த அறைக்குள் நானாகவே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், அதுவும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு.

புத்தகத்தில் தவறில்லை. அது எழுதப்பட்ட ஊர் வேறு. 2018 ஏப்ரலில் நடந்த பாஸ்டன் மாரத்தானை நினைத்துப் பாருங்கள். நடுக்கும் குளிர், கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்காற்று. பெரிய பெரிய வீரர்கள் பாதியில் விலகினார்கள். ஆண்களில் வென்றவர் யூகி கவாவூச்சி, ஜப்பானில் ஒரு அரசுப் பள்ளி அலுவலகத்தில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டு ஓடியவர். 2 மணி 15 நிமிடம் 58 விநாடி. பெண்களில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ் மயக்க மருந்துப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். வேலைக்குப் போய்க்கொண்டே ஓடுகிற எங்களைப் போன்றவர்கள் இன்றும் பிரியத்தோடு பேசும் பந்தயம் அது. அந்தக் குளிரில் நனைந்த உடம்போடு எதிர்காற்றில் வீடு திரும்புகிறவன் விறைத்துப் போவான். அதனால் அங்கே வீடு திரும்பும்போது காற்று முதுகில் இருக்க வேண்டும். இங்கே வீடு திரும்பும்போதுதான் அது முகத்தில் இருக்க வேண்டும்.

இருபது வருஷமாக மொழிபெயர்ப்பு செய்து பிழைக்கிறவன் நான். 'குளிர்காலக் கோட்டு' என்று மூலத்தில் இருந்தால் தஞ்சாவூர் வாசகனுக்கு அது என்ன அர்த்தம் தரும் என்று அரை நாள் யோசிப்பேன். என் உடம்புக்கு வந்த வாக்கியத்தை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இறக்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காற்று இன்னும் பலமாக இருந்தது. காற்றோடு புறப்பட்டு எதிர்காற்றில் திரும்ப வேண்டுமென்றால் வீடு சிடியாதாப்பில் இருக்க வேண்டும். நண்பர்தான் வழி சொன்னார். "திரும்பியே வராதீங்களேன்." நாலரைக்குப் புறப்பட்டு எதிர்காற்றிலேயே 25 கி.மீ. ஓடி, சாலை முடிகிற இடத்தில் நின்றேன். கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மூச்சு எவ்வளவு இடம் கொடுத்ததோ அவ்வளவு வேகம். சட்டை பாதி காய்ந்திருந்தது. 2011-இல் பாஸ்டனில் முதுகுக்காற்றோடு ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடியதை, பாதை ஒரே திசையில் இறக்கமாகப் போகிறது என்பதால் உலக சாதனையாக ஏற்கவில்லை. எதிர்காற்றில் ஒரே திசையில் ஓடுகிறவர்களுக்கு ஏதாவது சலுகை உண்டா என்று யாரையாவது கேட்க வேண்டும்.

அட்டவணையில் அந்த வாரம் 35 இருந்தது. 25 என்று எழுதினேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சைக்கிளை என்ன செய்தீர்கள் என்று கேட்கிறீர்களா? நண்பர் அதிலேயே திரும்பினார். காற்று முதுகில், மிதிக்கவே வேண்டாம் என்றார். பஸ் அவரைக் காலிகட் அருகே தாண்டியபோது துண்டை எடுத்து ஆட்டினார்.