அனுப்பாமல் இருப்பதன் பெயர் பாதுகாப்பா?

நாட்டரசன்கோட்டையில் எங்கள் வீட்டு முகப்பில் பாட்டையாவின் படம் தொங்குகிறது. பெட்டியடிப் பையனாகப் பினாங்குக்குக் கப்பலேறியவர். மூன்று வருடக் கணக்கு. போன இடத்தில் படுக்கக் கிட்டங்கி இருந்தது. சமைத்துப்போட ஆள் இருந்தார். கும்பிடத் தண்டாயுதபாணி இருந்தார். கூப்பிட்ட குரலுக்கு ஊர்க்காரர்கள் இருந்தார்கள். கடல் ஆபத்தானது என்று யாரும் அவரை ஊரில் நிறுத்திவைக்கவில்லை. ஆபத்தானது என்பதால்தான் இவ்வளவையும் கட்டிவைத்தார்கள். அவர் மனைவி அந்த மூன்று வருடமும் இரண்டாம் கட்டைத் தாண்டவில்லை. அவருக்கு அதுதான் பாதுகாப்பு என்றார்கள்.

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். இரண்டு வருடம் நான் தாங்கிய திட்டம். வாடிக்கையாளரின் ஊருக்கு மூன்று வாரம் போக வேண்டியிருந்தது. பட்டியலில் என் பெயர் இருந்தது. பிறகு மேலாளர் அழைத்தார்: “நடுராத்திரி இறங்குற ஃபிளைட்மா. தனியா வேற போகணும். எதுக்கு ரிஸ்க்?” என்னிடம் வேலை கற்ற பையன் போனான். அடுத்த வருடம் பதவி உயர்வுப் படிவத்தில் ‘வெளிநாட்டு அனுபவம்’ என்றொரு கட்டம் இருந்தது. என்னுடையது காலி. அப்பச்சியிடம் சொன்னேன். “நல்லதுக்குத்தானே ஆத்தா சொல்லியிருக்காக” என்றார்.

நான் கேட்டது மூன்றே மூன்று: விமான நிலையத்துக்கு ஒரு வண்டி, அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, நள்ளிரவிலும் யாராவது எடுக்கிற ஒரு தொலைபேசி எண். இவற்றைத் தருவதைவிட என் பெயரை அடிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையின் பொருட்டு ஊழியர் செல்லும் எந்த இடமும் பணியிடமே என்கிறது. நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் அதில் அடக்கம். பெண் எங்கே போனாலும் நிறுவனத்தின் பொறுப்பும் கூடவே போக வேண்டும் என்பதே இதன் பொருள். நிறுவனங்களோ, அவள் போகாவிட்டால் புகாரே வராது என்று கணக்குப் போடுகின்றன.

நான் இழந்தது பதவி உயர்வு மட்டும். என்னைவிட ஏழைப் பெண்கள் இழப்பது அதிகம். பத்தாம் வகுப்பு தேறாத பெண் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போக வேண்டுமானால் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அரசு விதி. நிரம்பாதவளை ஏஜென்ட் சுற்றுலா விசாவில் அனுப்பிவைக்கிறார். அரசுப் பதிவேட்டில் பெயர் இல்லாதவளை யார் தேடுவார்கள்? வயது நிரம்பியவர்களை மட்டும் விதி காத்ததா? 2015-இல் ரியாத்தில், வேலை செய்த வீட்டிலிருந்து தப்ப முயன்றபோது வலக்கையை இழந்த தமிழ்ப் பெண் ஐம்பதைக் கடந்தவர். வீட்டுப் பணியாளர் உரிமைகளுக்காக 2011-இல் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கை 189-ஐ இந்தியா ஏற்று உறுதிசெய்யவில்லை. பெண்ணின் வயதை எண்ணத் தெரிந்த அரசுக்கு முதலாளியின் கையைப் பிடிக்க மனம் வரவில்லை.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. பாட்டையாவுக்கும் ஆபத்து இருந்தது. அவருக்குக் கிட்டங்கி கட்டினார்கள். எங்களுக்குக் கதவைச் சாத்துகிறார்கள்.

படித்து வேலைக்குப் போகவிருக்கும் பெண்களே, உங்கள் நல்லதுக்குத்தான் என்று யாராவது உங்கள் பெயரை அடித்தால் நன்றி சொல்லிவிட்டு வராதீர்கள். இறங்கும்போது யார் வருவார்? இரவில் எந்த எண்ணை அழைப்பது? அங்கே நடப்பதை இங்கே யார் விசாரிப்பார்? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் கேளுங்கள்.