தழும்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

"ஒருமுறை வயிற்றைக் கீறினால் அடுத்ததும் கீறல்தான். குள்ளமான தோட்டத்துப் பெண்களுக்குக் கேட்கவே வேண்டாம்" என்கிறார் நண்பர். அமெரிக்க மருத்துவர் எட்வின் கிராகின் 1916இல் சொன்னதை அப்புத்தளையில் இன்னும் ஒப்பிக்கிறார்! அன்று கர்ப்பப்பையை நெடுக வெட்டினார்கள். இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில், குறுக்கே.

ஒரு சிசேரியனுக்குப் பிறகு தகுதி பார்த்து முயன்றால் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவமாகிறது. முன்பே ஒரு பிள்ளையை அப்படிப் பெற்றவளுக்கு 85க்கும் மேல். முதல் சிசேரியன் பிள்ளை தலைகீழாகத் திரும்பாததாலா, வலி எடுத்தும் கர்ப்பப்பை வாய் திறக்காததாலா என்பதில் கணக்கே மாறும். குள்ளம் வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

இப்படிக் குறுக்கே வெட்டிய தழும்பு பிரசவத்தில் கிழியும் ஆபத்து 200இல் ஒருவருக்கு. கிழிந்தால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும்; அதனால் நண்பர் பேசியிருக்க வேண்டியது உயரத்தை அல்ல, தூரத்தை. தம்பேதன்ன மலையிலிருந்து நள்ளிரவில் வலியோடு இறங்குவது விளையாட்டா? அதற்குப் பதில் கத்தி அல்ல; நாள் நெருங்கும்போதே பதுளைப் பெரியாஸ்பத்திரியில் கட்டில். முதல் வெட்டு எங்கே, எதற்கு என்று எழுதிய டயக்னோசிஸ் காட்டை அலுமாரியில் பூட்டி வைக்காமல் முதல் கிளினிக்குக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள்.