தென்கிழக்கு அலகு: பெயரில் மட்டுமா இருக்கிறது பாதுகாப்பு?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வராண்டாவில் நின்றிருந்தோம். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் வந்து கேட்டார்: "ஹஸ்ரத், இலங்கையில நம்ம சமுதாயம் தனி மாகாணம் கேட்டுச்சாமே? கிடைச்சிருந்தா அதுக்கு என்ன பேரு வச்சிருப்பாங்க?"

இரண்டுமே சரியான கேள்விகள். முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளில் தன்னாட்சி கேட்ட வரலாறு நம் இளைஞர்களுக்கு அரைகுறையாகவே தெரிகிறது. அண்டை நாட்டில், நம் தாய்மொழியே பேசும் மக்கள் எழுப்பிய கோரிக்கை இது. அதை முழுமையாகத் தெரிந்துகொள்வது நமக்கும் நல்லது.

ஏன் கேட்டார்கள்?

தமிழ்நாட்டில் நாம் தமிழராகவும் இருக்கிறோம், முஸ்லிமாகவும் இருக்கிறோம். இலங்கையில் அப்படி இல்லை. அங்கே 'முஸ்லிம்' என்பது மார்க்க அடையாளமாக மட்டும் நிற்காமல், சிங்களர், தமிழர் போலத் தனி இனத்தின் பெயராகவும் வழங்குகிறது. நாட்டின் மக்கள்தொகையில் பத்தில் ஒருவர் அளவே முஸ்லிம்கள். ஆனால் கிழக்கு மாகாணத்தில் அவர்கள் பெரும் சமூகம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரையோரம் நெடுக வயலும் கடலும் சார்ந்து வாழ்பவர்கள்.

1961 ல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. 1949 ல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வழியாகச் சிங்களக் குடியேற்றங்கள் ஏற்கெனவே அங்கு வந்திருந்தன. மாவட்டத்தின் தலைமையகம் சிங்களர் பெரும்பான்மையாக வாழும் அம்பாறை நகரில் அமைந்தது. தேர்தல் மாவட்டத்துக்கு 'திகாமடுல்ல' என்ற பழைய சிங்களப் பெயர் சூட்டப்பட்டது. கரையோரத்து முஸ்லிம் விவசாயி ஒரு காணிப் பிரச்சினைக்குக் கச்சேரிக்குப் போனால், அங்கே அலுவல் நடப்பது தன் மொழியில் இல்லை என்பது இன்றுவரை தொடரும் முறைப்பாடு.

அடுத்து வந்தது 1987 ஜூலை 29 இந்திய - இலங்கை ஒப்பந்தம். அது வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைத்தது. கிழக்கில் மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கினார்கள். கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்வதாகச் சொல்லப்பட்டது. அந்த வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவில்லை.

1990 ல் நடந்தவை முஸ்லிம்களின் அச்சத்தை உறுதிப்படுத்தின. ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் மாதக் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேர அவகாசம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளானார்கள். தனி அலகு கேட்டவர்களைப் 'பிரிவினைவாதிகள்' என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் முதலில் இந்த ஆண்டை நினைவில் வைக்க வேண்டும்.

அஷ்ரப் முன்வைத்த வரைபடம்

இந்தக் கோரிக்கைக்கு அரசியல் வடிவம் தந்தவர் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் நிறுவனர் எம்.எச்.எம். அஷ்ரப். 1988 ல் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் அவரது கட்சி 17 இடங்களை வென்றது. கிழக்கின் முஸ்லிம் ஊர்கள் ஒரே தொடராக இல்லை. இடையிடையே தமிழ் ஊர்கள் இருக்கின்றன. வடக்கே மன்னாரிலும் முஸ்லிம் பகுதிகள் உண்டு. இவற்றை எப்படி ஒரே நிர்வாகத்தில் சேர்ப்பது?

அதற்கு அவர்கள் காட்டிய முன்மாதிரி நமக்கு மிகவும் பழக்கமானது: புதுச்சேரி! காரைக்கால் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது, மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். ஆனால் நான்கும் ஒரே அரசின் கீழ் நடக்கின்றன. அதுபோல, நிலத்தொடர்பு இல்லாத முஸ்லிம் பகுதிகளைச் சேர்த்து ஒரு மாகாண சபை என்பதே யோசனை.

பின்னர் சந்திரிகா அரசின் அதிகாரப் பகிர்வுப் பேச்சுகளின்போது கோரிக்கை சிறிதாகி, கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகள் அடங்கிய 'தென்கிழக்கு அலகு' ஆனது. தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. 'முஸ்லிம் மாகாணம்' என்று தொடங்கிய பேச்சு, 'தென்கிழக்கு' என்ற திசைப்பெயருக்கு வந்து சேர்ந்தது.

சமுதாயத்தின் பெயரைச் சூட்டினால் உரியவர்களுக்கு அது பெருமை. ஆனால் அதே மண்ணில் வாழும் மற்றவர்களுக்கு, 'நீங்கள் இங்கே விருந்தாளிகள்' என்று சொல்வதுபோல ஆகிவிடும். திசைக்கு மதம் இல்லை, இனமும் இல்லை.

அலகு கிடைக்கவில்லை. 2000 செப்டம்பர் 16 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் அஷ்ரப் மறைந்தார். 2003 ஜனவரியில் ஒலுவில் பிரகடனம் தன்னாட்சிக் கோரிக்கையை மீண்டும் எழுப்பியது. 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வடகிழக்கு இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. இன்று கோரிக்கை 'கல்முனை கரையோர மாவட்டம்' என்ற அளவில் நிற்கிறது. ஆனால் அஷ்ரபின் முயற்சியால் ஒலுவிலில் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இன்றும் நடக்கிறது. வரைபடத்தில் இடம்பெறாத அந்தப் பெயர், ஒவ்வோர் ஆண்டும் பட்டச் சான்றிதழ்களில் அச்சாகிறது.

மலப்புறமும் மிண்டனாவோவும்

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1969 ஜூன் 16 அன்று, இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தை அமைத்தது. 'மாப்ளாஸ்தான்', 'குட்டி பாகிஸ்தான்' என்றெல்லாம் எதிர்த்தார்கள். காந்தியவாதியான கே. கேளப்பனே எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். மாவட்டத்துக்குச் சூட்டப்பட்டதோ ஒரு சாதாரண ஊர்ப்பெயர்தான். எதிர்ப்பாளர்கள் அஞ்சிய எதுவும் நடக்கவில்லை. அது இன்று கேரளத்தின் பதினான்கு மாவட்டங்களில் ஒன்றாக நடந்துகொண்டிருக்கிறது.

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ முஸ்லிம்கள் வேறு வழியில் போனார்கள். 'மோரோ' என்பது ஸ்பானியர்கள் அவர்களுக்கு இட்ட பெயர். அதையே அவர்கள் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். பல பத்தாண்டுப் போராட்டத்துக்கும் 2014 ஒப்பந்தத்துக்கும் பிறகு, 2019 ல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் 'பங்சமோரோ' தன்னாட்சிப் பகுதி உருவானது. மோரோ சமூகம் என்று பொருள்படும் பெயர்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முஸ்லிம் அல்லாத பழங்குடியினருக்கும் குடியேறிய மக்களுக்கும் அந்தப் பகுதியின் நாடாளுமன்றத்தில் ஒதுக்கீட்டு இடங்களைச் சட்டமே தருகிறது. இன்னொன்று, வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்று சொன்ன சுலு மாகாணத்தையும் உள்ளே சேர்த்தார்கள். 2024 ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சுலுவை வெளியே எடுத்துவிட்டது. சுலு மக்களும் முஸ்லிம்களே! ஒரே மார்க்கம் என்பதால் மட்டும் சம்மதம் கிடைத்துவிடாது.

கல்முனை வைத்த பரீட்சை

இனி, நம் சமுதாய ஊடகங்கள் அதிகம் பேசாத ஒன்றுக்கு வருவோம்.

கல்முனையில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. அங்குள்ள தமிழர்கள் தங்களுக்குத் தனிப் பிரதேச செயலகம் கேட்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக 'உப' செயலகமாக இருக்கும் கல்முனை வடக்கை முழுமையாகத் தரம் உயர்த்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். பௌத்த பிக்கு ஒருவரும் அதில் அமர்ந்தார். எதிரிலேயே முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் அமர்ந்தார்கள்.

முஸ்லிம்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. எல்லையை எங்கே போடுவது? கடைத்தெருவும் காணிகளும் யார் பக்கம் போகும்? இன அடிப்படையில் ஊரைக் கூறு போடலாமா? பேசித் தீர்க்க வேண்டிய கேள்விகள்தான் இவை. ஆனால் தென்கிழக்கு அலகு கேட்டபோது மற்றவர்கள் நம்மிடம் கேட்டதும் இதே கேள்விகள்தானே! 'பெரும்பான்மையின் அலுவலகத்தில் எங்களுக்கு நீதி கிடைக்கவில்லை' என்று அம்பாறையில் நாம் சொன்னதை, கல்முனையில் தமிழர்கள் நம்மைப் பார்த்துச் சொல்கிறார்கள். நாம் சொன்னால் உரிமை, அவர்கள் சொன்னால் சதி என்று எப்படிச் சொல்வது?

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. வெறுப்புக்குக் காரணம் இருந்தாலும் அந்தக் கட்டளை மாறாது. காத்தான்குடியின் வலி உண்மை. அந்த வலிக்காகக் கல்முனைத் தமிழரின் விண்ணப்பத்தைக் கிடப்பில் போட மார்க்கம் அனுமதி தரவில்லை.

நபி (ஸல்) அவர்கள் யஸ்ரிப் நகருக்கு வந்தபோது ஆட்சி அமைந்தது. அந்த நகருக்கு நிலைத்த பெயர் 'மதீனா'. நகரம் என்பதே அதன் பொருள். அங்கே எழுதப்பட்ட உடன்படிக்கை ஒவ்வொரு குலத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. யூதர்களுக்கு அவர்களுடைய மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய மார்க்கம் என்று உறுதியளித்தது. பெயர் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, பாதுகாப்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதப்பட்டது.

நமக்கு என்ன பாடம்?

நாம் தனி மாநிலம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. நம் ஊரின் பெயர் சங்கரன்கோவில். 2019 நவம்பர் 22 முதல் நம் மாவட்டம் தென்காசி. இரண்டு பெயர்களும் கோவிலோடும் காசியோடும் சேர்ந்தவை. அவற்றை நம் ரேஷன் கார்டிலும் நிக்காஹ் அழைப்பிதழிலும் போட்டுக்கொண்டே வாழ்கிறோம். நம் ஈமானில் ஒரு குறையும் வந்துவிடவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் நம் மனுவை வாங்குகிறார்களா, கபரஸ்தானுக்குப் பாதை கிடைக்கிறதா என்பதே நம் கவலை.

ஆனால் நாம் அதிகமாக வாழும் வார்டுகளும் தெருக்களும் உண்டு. அங்கே பத்து வீடாக இருக்கும் சகோதரச் சமுதாயத்தாருக்குக் குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் நம் கவுன்சிலர் முதலில் போட்டுத் தருகிறாரா? அவர்கள் வீட்டுத் துக்கத்துக்கும் விசேஷத்துக்கும் தெருவில் தடையில்லாமல் இடம் இருக்கிறதா? நம் ஜமாஅத்துகள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சிறுபான்மையாக இருக்கும் இடத்தில் உரிமை கேட்பது நம் கடமை. பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் அதே உரிமையைக் கொடுப்பதும் கடமை. இரண்டாவதைச் செய்து காட்டினால், முதலாவதைக் கேட்கும்போது நம் குரலுக்கு வலிமை கூடும், இன்ஷா அல்லாஹ்.

கல்முனையின் இரு சமூகங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, எல்லையையும் பெயரையும் பேசி முடிக்கும் நாளை அல்லாஹ் விரைவில் தருவானாக!